ஏலத்தில் முதல் பழங்காசு வாங்குவதற்கு முன்: பதிவு, பில், பார்சல், சட்டம்

நான் ஏலத்தில் எடுத்த முதல் காசு, 1862 தேதியிட்ட விக்டோரியா வெள்ளி ரூபாய். போன் திரையில் பளபளவென்று இருந்தது. 6,500 ரூபாய்க்கு எனக்கு விழுந்தது. இரண்டு நாள் கழித்து வந்த பில்லில் 8,326 என்று போட்டிருந்தார்கள். பத்தாம் நாள் காசு கைக்கு வந்தது. லென்ஸை வைத்து விளிம்பைச் சுற்றிப் பார்த்தேன். ராணியின் கிரீடத்துக்கு நேர் மேலே ஒரு நெல்மணி நீளத்துக்கு விளிம்பின் வரிகளைக் காணோம். அந்த இடம் மட்டும் வழவழவென்று இருந்தது. எந்தப் பாட்டியின் கழுத்திலோ காசுமாலையாகக் கிடந்த காசு அது. பின்னால் யாரோ வளையத்தைப் பிடுங்கி, பற்றவைத்த தடம் தெரியாமல் அரத்தால் ராவியிருக்கிறார்கள். ஒரு வெள்ளி ரூபாய்க்கு இதைவிடப் பெரிய குறை அதிகம் இல்லை. இதே தேதியில், இதே தேய்மானத்தில், வளையம் ஏறாத காசை அதில் பாதி விலைக்கு வாங்கியிருக்கலாம் என்று பிறகு தெரிந்தது.

ஏலம் நடத்தியவர்கள் என்னை ஏமாற்றவில்லை. கேட்டலாக்கில் 'எக்ஸ் மவுண்ட்' என்று இரண்டு சொல்லில் எழுதியிருந்தார்கள். வளையம் இருந்து எடுத்த காசு என்பது அதன் அர்த்தம். எனக்குத்தான் அது தெரியவில்லை. பில்லில் ஏறிய 1,826 ரூபாயும் கேட்டலாக்கின் கடைசிப் பக்க நிபந்தனைகளில் இருந்ததுதான். அந்தப் பக்கத்தை நான் புரட்டவே இல்லை. புதிதாக வருகிறவர்கள் அந்தப் பணத்தை இழக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு, இந்தியாவில் நடக்கும் நாணய ஏலங்களில் கலந்துகொள்ள நினைப்பவர்களுக்கான வழி இது. தபால்தலை, பழைய பத்திரங்கள், பதக்கங்கள் வாங்க நினைப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. எதைச் சேர்க்கப் போகிறீர்கள் என்று முடிவுசெய்யுங்கள்

'பழைய காசு' என்று பொதுவாக இறங்கினால் ஒரே ஏலத்தில் ஆயிரம் லாட் (ஒரே எண் போட்டு ஏலம் விடும் காசு அல்லது காசுக் கட்டு) கண்ணில் படும். எல்லாமே வேண்டும்போல இருக்கும், எதற்கும் சரியான விலை தெரியாது. ஒரு சின்ன வட்டத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆறு மாதத்தில் அந்த வட்டத்துக்குள் விலை உங்களுக்கு மனப்பாடம் ஆகிவிடும்.

முதல் வட்டமாக நான் சொல்வது பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய்தான். ஏராளமாகக் கிடைக்கும், தேதியும் பெயரும் காசிலேயே இருக்கும், எடையும் வெள்ளி அளவும் நிலையானவை. 1835 முதல் 1930களின் முடிவு வரையான ரூபாய்க்கு எடை 11.66 கிராம், வெள்ளி 91.67 சதவீதம். 1940 முதல் வெள்ளி பாதியாகக் குறைந்தது. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் 1911ஆம் ஆண்டுக் காசு மட்டும் தனி. ராஜாவின் அங்கியில் இருக்கும் யானை பன்றிபோலத் தெரிகிறது என்று மக்கள் முகம் சுளித்ததால் அடுத்த ஆண்டே உருவத்தைத் திருத்தினார்கள். அதைப் 'பன்றி ரூபாய்' என்றே வியாபாரிகள் சொல்வார்கள். யானையின் காலையும் தும்பிக்கையையும் லென்ஸில் பார்த்து, 1911க்கும் 1912க்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கப் பழகுங்கள். கண்ணுக்கு அது நல்ல பயிற்சி.

நம் மண்ணோடு ஒட்டிய காசுதான் வேண்டும் என்றால் மூன்று வழி இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி மெட்ராஸ் மாகாணத்துக்காக வெளியிட்டவை முதலாவது: 1808 தேதியிட்ட 10 காசு, 20 காசுச் செப்பு நாணயங்கள், கோபுரம் பொறித்த வெள்ளிக் கால் பகோடா (பகோடா என்பது அந்தக் காலத்து நாணய அலகு). இரண்டாவது, தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் அடித்த சின்னச் செப்புக் காசுகள். 1845இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்கும்வரை அவை புழங்கின. மூன்றாவது, ஒரு பக்கம் லில்லிப் பூவும் மறுபக்கம் தமிழில் 'புதுச்சேரி' என்றும் இருக்கும் டூடூ என்ற பிரெஞ்சுக்காரர்களின் செப்புக்காசு. பழகப் பழக மனசைப் பிடிக்கிறவை இவை. ஆனால் தேய்ந்தே கிடைக்கும், எழுத்து பாதிதான் தெரியும். அதனால் இரண்டாம் வருடம் இறங்குவது நல்லது.

1808 காசில் ஒரு விஷயம் கவனியுங்கள். மெட்ராஸுக்காகக் காசு ஏற்றி வந்த அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809இல் இங்கிலாந்துக் கரையோரம் மூழ்கியது. 1980களில் அந்தக் காசுகளை அள்ளி எடுத்து உலகம் முழுக்க விற்றார்கள். புழக்கத்தில் தேயாததால் எழுத்து கூர்மையாக இருக்கும். ஆனால் கடல்நீர் அரித்த சொரசொரப்பு இருக்கும், ரசாயனத்தில் கழுவிய செம்பழுப்பு நிறமும் இருக்கலாம். அதை வாங்குவதில் தப்பில்லை. புழக்கத்தில் இருந்து நல்ல நிலையில் தப்பிய காசின் விலையைக் கொடுத்துவிடாதீர்கள்.

2. வாங்குவதற்கு முன் கண்ணைப் பழக்குங்கள்

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பகுதிக்கு ஒரு முழுக் காலை ஒதுக்குங்கள். பிறகு நாணயச் சங்கங்கள் நடத்தும் கண்காட்சிக்குப் போங்கள். சென்னையில் மெட்ராஸ் காயின் சொசைட்டி இருக்கிறது, வேறு ஊர்களிலும் சங்கங்கள் உண்டு. கண்காட்சியில் முதல் தடவை எதையும் வாங்க வேண்டாம். மேசை மேசையாக நின்று, 'அண்ணா, இதைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பார்க்கலாமா?' என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் கொடுப்பார்கள். காசை விளிம்பில்தான் பிடிக்க வேண்டும், முகத்தில் விரல் படக் கூடாது. இந்த ஒன்றைச் சரியாகச் செய்தாலே, இவர் விஷயம் தெரிந்தவர் என்று அடுத்த காசையும் எடுத்துக் காட்டுவார்கள்.

மூன்று சாமான் வாங்கிக்கொள்ளுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ், 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, விட்டம் அளக்க வெர்னியர் காலிப்பர். மூன்றும் சேர்ந்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடியும். 11.66 கிராம் இருக்க வேண்டிய ரூபாய் தேய்ந்து 11.4 ஆகியிருக்கலாம். எழுத்தெல்லாம் கூர்மையாக இருந்து எடை மட்டும் 10.5 காட்டினால் அது போலி. வார்ப்புப் போலியில் எழுத்தின் ஓரம் சோப்புக்கட்டி கரைந்ததுபோல மழுங்கியிருக்கும். பரப்பில் ஊசிமுனை அளவுக் குழிகள் தெரியும். விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு ஓடும்.

ஏலம் என்ற பெயரில் வரும் மோசடிகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ராமர், சீதை, அனுமன் உருவத்தோடு 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி' என்றும் 1818 போன்ற தேதியும் போட்ட செப்புக்காசு ஊர் ஊராகச் சுற்றுகிறது. கம்பெனி அப்படி ஒரு காசை வெளியிடவே இல்லை. அது பிற்காலத்தில் யாரோ அடித்துவிட்டது. காந்த சக்தி இருக்கிறது, அரிசியை இழுக்கும், இரிடியம் கலந்தது என்று லட்சம் கோடி பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். 'டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டு இருந்தால் பத்து லட்சம் தருகிறோம், முன்பணமாகப் பதிவுக் கட்டணம் அனுப்புங்கள்' என்ற விளம்பரமும் இந்த வகைதான். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்கும் இப்படிப்பட்டவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை வெளியிட்டது. விற்க வருகிறவரிடம் முன்பணம் கேட்பது ஏல நிறுவனம் அல்ல.

3. ஏல நிறுவனத்தில் பதிவு செய்யுங்கள்

நாணய ஏலங்கள் பெரும்பாலும் மும்பை, பெங்களூரு, அகமதாபாத் போன்ற ஊர்களில் நடக்கின்றன. நேரில் போகலாம், இணையத்திலும் கேட்கலாம். எதுவானாலும் முதலில் பதிவு வேண்டும்.

கையில் தயாராக இருக்க வேண்டியவை: பான் அட்டை, ஆதார் அல்லது வேறு முகவரிச் சான்று, போன் எண், மின்னஞ்சல், சில இடங்களில் ரத்துசெய்த காசோலை. பல நிறுவனங்கள் 'உங்களை அறிந்த வியாபாரி அல்லது சேகரிப்பாளர் யார்?' என்று ஒரு பரிந்துரை கேட்கும். நான் இங்கேதான் முதல் தடவை மாட்டிக்கொண்டேன். எனக்கு யாரையும் தெரியாது. ஏலத்துக்கு முந்தின நாள் இரவு பதிவுசெய்தேன். அனுமதி வரும்போது ஏலம் முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது. கண்காட்சியில் பேசிப் பழகிய ஒருவரின் பெயரை, அவரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். பரிந்துரை இல்லாதவர்களிடம் முன்வைப்புத் தொகை வாங்கிக்கொண்டு அனுமதிப்பவர்களும் உண்டு. அந்தத் தொகை எத்தனை நாளில் திரும்ப வரும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏலத்துக்குப் பத்து நாள் முன்பே பதிவை முடித்துவிடுவது நல்லது.

பதிவுசெய்யும்போதே அந்த நிறுவனத்திடம் தொல்பொருள் விற்பனை உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். நூறு வருடம் தாண்டிய பொருளைத் தொழிலாக விற்பவர்களுக்கு 1972ஆம் ஆண்டு தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி உரிமம் வேண்டும். முறையாக நடத்துகிறவர்கள் கேட்டலாக்கிலேயே உரிம எண்ணை அச்சிடுவார்கள். கேட்டால் கோபப்பட மாட்டார்கள்.

4. கேட்டலாக்கைப் பின்னாலிருந்து படியுங்கள்

கேட்டலாக் ஏலத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே இணையத்தில் வந்துவிடும். முதலில் கடைசிப் பக்க நிபந்தனைகளைப் படியுங்கள். கமிஷன் எவ்வளவு, எதன்மேல் என்ன வரி, எத்தனை நாளில் பணம் கட்ட வேண்டும், போலி என்று தெரிந்தால் எத்தனை நாளுக்குள் திருப்பலாம், மொத்த லாட்டுகளைத் திருப்ப முடியுமா? இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்ட பிறகு படங்களுக்கு வாருங்கள்.

ஒவ்வொரு லாட்டிலும் ஒரு மதிப்பீட்டு விலை இருக்கும், '3,000 முதல் 4,000' என்பதுபோல. பெரும்பாலும் கீழ் எல்லையிலோ அதற்குக் கொஞ்சம் கீழேயோ ஏலம் தொடங்கும். அந்த எண் காசின் சந்தை விலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆளைக் கூட்டுவதற்காகத் தாழ்த்திப் போடுவதும் உண்டு. அதே நிறுவனத்தின் பழைய ஏல முடிவுகள் இணையத்தில் இருக்கும். அதே தேதி, அதே தரத்தில் ஐந்து காசாவது என்ன விலைக்குப் போனது என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு காசுக்கு இருபது நிமிடம் பிடிக்கும், அந்த இருபது நிமிடத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

தரக் குறியீடுகள்: யூஎன்சி என்றால் புழங்காதது. எக்ஸ்எஃப் என்றால் மேடான இடங்களில் மட்டும் லேசான தேய்மானம். விஎஃப் என்றால் நன்றாகப் புழங்கியது, ஆனால் விவரம் தெரியும். எஃப் என்றால் பரவலாகத் தேய்ந்தது, ஆனால் முக்கிய உருவமும் எழுத்தும் தெரியும். இந்த எழுத்துகளைவிட, பக்கத்தில் சின்னதாக எழுதியிருக்கும் சொற்கள்தான் விலையைத் தீர்மானிக்கின்றன:

'எக்ஸ் மவுண்ட்': வளையம் இருந்து எடுக்கப்பட்டது. நம் பக்கம் காசுமாலையிலும் தாலிக்கொடியிலும் கோத்த காசுகள் அதிகம் என்பதால் தென்னிந்தியாவிலிருந்து வரும் லாட்டுகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். சொல் எழுதியிராவிட்டாலும் படத்தில் மேல்முனையைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

'கிளீன்டு': தேய்த்துக் கழுவியது. ஒரே திசையில் மயிரிழைக் கோடுகள் ஓடும்.

'டெஸ்ட் கட்': வெள்ளிதானா என்று பார்க்க அந்தக் காலத்துச் சராபு (காசைச் சோதித்து மாற்றித் தரும் வியாபாரி) விளிம்பில் போட்ட வெட்டு.

'ஷ்ராஃப் மார்க்': சராபு குத்திய சின்ன முத்திரை. ஆற்காடு ரூபாயில் இது நிறைய இருக்கும், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்தக் காசு எத்தனை கை மாறியது என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் விலை குறையும் என்பது உண்மை.

'ரீஸ்டிரைக்': பழைய அச்சைக் கொண்டு பிற்காலத்தில் நாணயச்சாலையே அடித்தது. போலி அல்ல, அசல் காலத்துக் காசும் அல்ல.

'ஆஸ் ஈஸ், நோ ரிட்டர்ன்': இருக்கிறபடியே விற்கிறோம், திருப்ப முடியாது. ஐம்பது, நூறு காசுகளை மொத்தமாகக் கட்டிய லாட்டுகளில் இது இருக்கும். முதல் வருடம் இந்த லாட்டுகளைத் தொட வேண்டாம்.

பிளாஸ்டிக் பெட்டிக்குள் தரச்சான்றோடு சீலிட்ட காசுகளும் வரும். என்ஜிசி, பிசிஜிஎஸ் இரண்டும் அப்படிச் சான்று தரும் பிரபலமான வெளிநாட்டு நிறுவனங்கள். பெட்டியில் இருக்கும் எண்ணை அவர்களுடைய இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், படமும் ஒத்துப்போக வேண்டும். பெட்டியையே போலியாகச் செய்கிறார்கள். 1939 தேதியிட்ட ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் போன்ற மிக அரிய காசைச் சான்று இல்லாமல் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ராஜராஜன் செப்புக்காசு தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு பக்கம் நின்ற உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம், கைக்குப் பக்கத்தில் நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ'. இதே அமைப்பில் பின்னால் இலங்கை மன்னர்களும் தங்கள் பெயரைப் போட்டுக் காசு அடித்தார்கள். உருவத்தை மட்டும் பார்த்து 'ராஜராஜன்' என்று விற்றுவிடுகிறார்கள். அந்த நாலைந்து நாகரி எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ள ஒரு மாலை போதும்.

முடிந்தால் ஏலத்துக்கு முன் நடக்கும் பார்வை நாளில் நேரில் போய்ப் பாருங்கள். முடியாவிட்டால் விளிம்பையும் சேர்த்துக் கூடுதல் படம் கேளுங்கள். கேட்டபோது மறுத்த இடத்தில் நான் பிறகு பிட் (ஏலத்தில் விலை கேட்பது) போட்டதில்லை.

5. உச்சத் தொகையை முன்கூட்டியே கணக்கிடுங்கள்

ஏலத்தில் சுத்தியல் தட்டும்போது நிற்கும் விலை ஹேமர் விலை. நீங்கள் கட்டப்போவது அதைவிட அதிகம். என் முதல் பில்லை அப்படியே பிரித்துக் காட்டுகிறேன்:

ஹேமர் விலை 6,500
கமிஷன் 15 சதவீதம் 975
காசின்மேல் வரி 5 சதவீதம் 325
கமிஷன்மேல் வரி 18 சதவீதம் 175.50
கூரியரும் காப்பீடும் 350
மொத்தம் 8,325.50, முழுத் தொகையாக்கி 8,326

இவை என் பில்லில் இருந்த வீதங்கள். கமிஷன் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், வரி அரசு மாற்றும்போது மாறும். அதனால்தான் நிபந்தனைப் பக்கத்தை முதலில் படிக்கச் சொன்னேன்.

இப்போது திருப்பிப் போடுங்கள். கையில் 8,000 ரூபாய்தான் இருக்கிறது என்றால் எதுவரை கேட்கலாம்? கூரியர் 350 போக மிச்சம் 7,650. அதை 1.227ஆல் வகுத்தால் 6,234. ஆக 6,200 வந்ததும் நிறுத்த வேண்டும். இந்த 1.227 என்ற எண்ணை ஒவ்வொரு ஏலத்துக்கும் அதன் வீதங்களை வைத்துப் புதிதாகக் கணக்கிட்டு, லாட் எண்ணுக்குப் பக்கத்தில் உச்சத் தொகையைப் பேனாவால் எழுதிவைக்கிறேன். ஏலம் ஓடும்போது மனக்கணக்கு வேலைசெய்யாது.

6. ஏல நாளில்

மூன்று விதமாகக் கேட்கலாம். நேரில் அட்டை தூக்கலாம். இணையத்தில் பொத்தானை அழுத்தலாம். உச்சத் தொகையை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடலாம், இதைப் புக் பிட் என்பார்கள். உங்கள் சார்பில் அவர்களே தேவையான அளவு மட்டும் ஏற்றிக் கேட்பார்கள். இரண்டு பேர் ஒரே தொகை எழுதியிருந்தால் வழக்கமாக முதலில் கொடுத்தவருக்கே லாட் போகும். அதனால் சீக்கிரம் கொடுப்பது லாபம்.

புதியவர்களுக்குப் புக் பிட்தான் நல்லது என்பது என் தீர்மானமான எண்ணம். நேரலையில் சில லாட்டுகள் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். எதிரில் யாரோ ஒருவர் விடாமல் ஏற்றிக்கொண்டே போகும்போது, 'இன்னும் ஒரே ஒரு படி' என்று கை தானாகப் போகும். ஏற்றப்படியும் விலை கூடக் கூடப் பெரிதாகும். ஐந்தாயிரம் வரை 250, பத்தாயிரம் வரை 500 என்பதுபோல நிறுவனமே நிர்ணயித்திருக்கும். மூன்று படி தாண்டினால் ஒரு மாதச் சேமிப்பு போய்விடும்.

இணையத்தில் கேட்பதானால் அரை மணி முன்னதாக உள்ளே நுழைந்து, உங்களுக்கு வேண்டாத நாலைந்து லாட்டுகளைச் சும்மா கவனியுங்கள். உங்கள் திரை அரங்கத்தைவிட எத்தனை நொடி பிந்துகிறது என்று புரியும். தவறிப்போய் அழுத்திய பிட்டைத் திரும்பப் பெற முடியாது.

7. பணம், பில், பார்சல்

ஏலம் முடிந்த ஓரிரு நாளில் பில் மின்னஞ்சலில் வரும். பொதுவாக ஒரு வாரம் முதல் பத்து நாளுக்குள் கட்ட வேண்டும், தாமதித்தால் வட்டி போடுவார்கள். அடுத்த ஏலத்தில் உங்களைச் சேர்க்காமலும் விடலாம். வங்கிப் பரிமாற்றம் மட்டும் செய்யுங்கள். 'ரொக்கமாகக் கொடுங்கள், வரியைக் குறைக்கிறேன்' என்று வெளி வியாபாரிகள் சிலர் சொல்வார்கள். ஒப்புக்கொண்டால் பில் இருக்காது. பில் இல்லாத பழங்காசு எங்கிருந்து வந்தது என்று கேள்வி வந்தால் உங்களிடம் பதில் இருக்காது. தவிர, 2 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெற்றுக்கொள்வது வருமான வரிச் சட்டப்படியே தடை.

பில்லில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்: ஏலத்தின் தேதி, லாட் எண், காசின் முழு விவரம், நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண், உங்கள் பெயரும் முகவரியும். 'காசு 1' என்று மட்டும் எழுதியிருந்தால் திருப்பி அனுப்பி விவரத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். பின்னால் விற்கும்போது லாபத்துக்கு வரி கட்ட நேர்ந்தால், வாங்கிய விலைக்கு ஆதாரம் இந்தத் தாள்தான். கேட்டலாக்கில் உங்கள் லாட் இருக்கும் பக்கத்தையும் அச்சிட்டு பில்லோடு பின்செய்து வையுங்கள்.

பார்சல் வந்ததும் பிரிக்காதீர்கள். முதலில் சீலோடு நாலு பக்கமும் படம் எடுங்கள். பிறகு போனை நிற்கவைத்து, வெட்டாத ஒரே வீடியோவாகப் பிரியுங்கள். காசைத் தராசில் வைத்து எடை தெரிகிறவரை ஓடவிடுங்கள். கேட்டலாக்கின் படத்தில் இருக்கும் ஒரு கீறலையோ கறையையோ தேர்ந்துகொண்டு, கையில் இருக்கும் காசில் அதே இடத்தில் அது இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு தடவை எனக்கு வேறு லாட்டின் காசு வந்தது. இரண்டும் ஒரே தேதி, ஒரே தரம். ராணியின் கன்னத்தில் இருக்க வேண்டிய சின்ன வெட்டு இல்லாததை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். வீடியோவை அனுப்பியதும் பேச்சே இல்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள்.

8. சட்டம்: இதைத் தாண்டிப் போகாதீர்கள்

1972 சட்டப்படி நூறு வருடத்துக்குக் குறையாத காசு, சிலை, ஓவியம், கல்வெட்டு, கைவினைப் பொருள் எல்லாம் தொல்பொருள். வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள சுவடிகளுக்கும் ஆவணங்களுக்கும் 75 வருடமே போதும். புழக்கத்துக்கு விட்ட ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய்கள் 1911 முதல் 1922 வரை தேதியிட்டவை. அத்தனையும் இப்போது தொல்பொருள்.

தொல்பொருளைத் தனியார் யாரும் நாட்டைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது. மீறினால் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று வருடம் சிறையும் அபராதமும். இது எனக்கு மிக நெருக்கத்தில் வந்து போனது. சிங்கப்பூரில் இருக்கும் என் மைத்துனர் ஊருக்கு வந்திருந்தார். அவர் மகளுக்குப் பரிசாக இரண்டு விக்டோரியா ரூபாயைச் சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்துவிட்டேன். விமானத்துக்கு முந்தின இரவு வேறு எதற்கோ கேட்டலாக்கைப் புரட்டியபோது, 'நூறு ஆண்டு கடந்தவற்றை இந்தியத் தொல்லியல் துறைத் தலைமை இயக்குநரின் அனுமதியின்றி வெளியே கொண்டுபோக முடியாது' என்ற வரி கண்ணில் பட்டது. உடனே போன் செய்து, 'மாப்பிள்ளை, அந்த டப்பாவை வெளியே எடுத்து அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்' என்றேன். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊருக்கு வரும்போது வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். தரச்சான்றுக்காக வெளிநாட்டுக்குக் கூரியர் அனுப்புவதற்கும் இதே சட்டம்தான்.

உள்நாட்டில் வாங்கவும் வைத்துக்கொள்ளவும் தடை இல்லை. சாதாரணக் காசுகளைப் பதிவுசெய்யத் தேவையில்லை. ஆனால் நூறு வருடம் தாண்டிய கல், உலோக, சுடுமண், மர, தந்தச் சிற்பங்கள், ஓவியங்கள், படம் வரைந்த சுவடிகள் ஆகியவற்றைக் கைக்கு வந்த 15 நாளுக்குள் பதிவு அலுவலரிடம் பதிவுசெய்ய வேண்டும். கைமாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். ஏலத்தில் அப்படி ஒன்றை எடுத்தால், முந்தைய உரிமையாளரின் பதிவுச் சான்றைக் கேட்டு வாங்காமல் பணம் கட்டாதீர்கள்.

கோயில் சிலை என்று சந்தேகம் வரும் எதையும் தொடவே வேண்டாம். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடிய நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. விற்றவர் காட்டிய உரிமைத் தாள்கள் போலி. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இருந்த பழைய புகைப்படங்கள் அது எந்தக் கோயில் சிலை என்பதைக் காட்டின. 2014இல் சிலை திரும்பி வந்தது. விற்ற சுபாஷ் கபூருக்கு, வேறொரு கோயில் சிலைத் திருட்டு வழக்கில், கும்பகோணம் நீதிமன்றம் 2022இல் பத்து வருடத் தண்டனை விதித்தது. நிபுணர்களை வைத்திருந்த கலைக்கூடத்தாலேயே அந்தத் தாள்கள் போலி என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவர்களுக்கு இருந்ததைவிடப் பெரிய பாதுகாப்பு நமக்கு எதுவும் இல்லை.

மண்ணிலிருந்து எடுத்த காசுக்கும் தனிச் சட்டம் உண்டு. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, புதைந்து கிடந்து கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 'கரூர் அமராவதி ஆற்றில் நேற்றுக் கிடைத்தது சார், மண்கூட உதிரவில்லை' என்று ஒருவர் கைக்குட்டையை விரித்தால், அது உண்மையானாலும் சிக்கல், பொய்யானாலும் சிக்கல்.

9. வீட்டில் வைத்துக்கொள்வது

கழுவாதீர்கள். என்னிடம் வந்து சேர்ந்த முதல் ராஜராஜன் செப்புக்காசு கரும்பச்சை நிறத்தில் இருந்தது. பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்குவதுபோலப் புளியும் சாம்பலும் வைத்துத் தேய்த்தேன். ஐந்து நிமிடத்தில் புது இளஞ்சிவப்பு நிறம் வந்தது. அந்தக் கரும்பச்சை மேல்பூச்சு ஆயிரம் வருடத்தில் படிந்தது, செம்பைக் காப்பதும் அதுதான். காட்டிய இடத்திலெல்லாம் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அது என்னிடமே இருக்கிறது, விற்கப்போவதும் இல்லை. வெள்ளிக்கும் இதேதான்: விபூதி, பற்பசை, வெள்ளிப் பாலிஷ் எதுவும் வேண்டாம்.

கடையில் கிடைக்கும் மெத்தென்ற பிவிசி ஆல்பத்தில் போடாதீர்கள். நம் வெயிலில் ஒரே கோடையில் பச்சை நிறப் பிசுபிசுப்பு கசிந்து காசைக் கெடுக்கும். மைலார் என்ற தெளிவான பிளாஸ்டிக் தாள் ஒட்டிய அட்டைச் சட்டங்கள் ஒவ்வொன்றும் மூன்று நாலு ரூபாய்க்குக் கிடைக்கும். அவற்றில் போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் பொட்டலத்தை மாற்ற வேண்டும். செப்புக்காசில் வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால் அது பரவும் அரிப்பு. அந்தக் காசை அன்றே மற்றவற்றிலிருந்து பிரித்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு நோட்டு போடுங்கள். நான் ஒரு காசுக்கு ஒரு பக்கம் ஒதுக்குகிறேன்: வாங்கிய தேதி, ஏலத்தின் பெயர், லாட் எண், ஹேமர் விலை, மொத்தச் செலவு, எடை, விட்டம், பில் இருக்கும் கோப்பு எண். கீழே, அதே காசு அடுத்தடுத்த ஏலங்களில் என்ன விலைக்குப் போகிறது என்பதற்கு இடம். முதல் பக்கத்தில் அந்த 1862 ரூபாய் இருக்கிறது. 'எடை 11.52, மேல்முனையில் ராவிய தடம், 8,326' என்று எழுதியிருக்கிறேன். என் மனைவிக்கும் மகளுக்கும் அந்த நோட்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியும்.